மதில் அறிக்கையும் மாளிகை நாட்குறிப்பும்: எட்வர்ட் கிளைவ் குடும்பமும் திருச்சிராப்பள்ளியும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னை ஆளுநராக 1798 முதல் 1803 வரை இருந்த எட்வர்ட் கிளைவ், பிரித்தானிய நாடாளுமன்ற அரசியலில் மூன்று தலைமுறை இடம்பெற்ற ஒரு குடும்பத்தின் நடுக்கண்ணி. இவருடைய மனைவியும் மகள்களும் 1800இல் திருச்சிராப்பள்ளி வழியே மேற்கொண்ட பயணத்தின் குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. ஓராண்டு நிறைவதற்குள் அதே ஊரின் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் மருது சகோதரர்களின் அறிக்கை ஒட்டப்பட்டது. இவ்விரு வகை எழுத்துகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது அறிக்கையின் வரலாற்றுப் பார்வையும் இலக்கிய வகைமையும் தெளிவடைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆங்கில வழி வந்த தமிழாக்கங்களைக் கொண்டு அறிக்கையின் மொழிநடையை மதிப்பிடும் போக்கையும் இது மறுக்கிறது.

திறவுச்சொற்கள்: எட்வர்ட் கிளைவ், ஹென்ரியட்டா கிளைவ், திருச்சிராப்பள்ளி அறிக்கை, மருது சகோதரர், திருவரங்கம், ஓம்படைக்கிளவி.

முன்னுரை

திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தின் அருகே 'கிளைவ் வீடு' என்று வழங்கும் ஒரு கட்டடம் உண்டு. தூய வளனார் கல்லூரியின் மாணவர் விடுதியாக அது நெடுங்காலம் பயன்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லும்போது நகரத்தார் மனத்தில் எழுபவர் இராபர்ட் கிளைவ். ஆர்க்காட்டு முற்றுகையும் பிளாசியும் பாடநூல்களில் அவருக்கு இடம் உறுதிசெய்துவிட்டன. ஆனால், இந்நகரம் நவாபின் கையிலிருந்து கும்பனியின் முழு ஆட்சிக்கு மாறிய 1801ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையில் ஆளுநராக அமர்ந்திருந்தவர் அவருடைய மூத்த மகன் எட்வர்ட். விடுதலைப் போர் குறித்த தமிழ் நூல்கள் பலவற்றில் 'ஆளுநர் கிளைவ்' என்ற அளவிலேயே இவர் வந்து போகிறார். தந்தை 1774இலேயே இறந்துவிட்டார் என்பதை அறியாத மாணவர் இருவரையும் ஒருவராகவே கொள்ள நேர்கிறது. கட்டுரையாளரும் இளங்கலை வகுப்பில் அவ்வாறே கொண்டிருந்தார்.

இப்பெயர் மயக்கம் சிறு பிழை போலத் தோன்றலாம். எனினும் 1751க்கும் 1801க்கும் இடையே இந்நகரத்தில் நிகழ்ந்ததை ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைச் செயலாகக் காணும் வாய்ப்பை அது நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. மருது அறிக்கை கண்டதும் அந்த ஐம்பதாண்டுத் தொடர்ச்சியைத்தான்.

தந்தை ஈட்டிய தொகுதி

1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே அடைபட்டிருந்தவர் முகம்மது அலி. அவரைக் காக்கவே இராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து எதிரியின் கவனத்தைத் திருப்பினார். அடுத்த ஆண்டு ஸ்டிரிங்கர் லாரன்சுடன் இவ்வூருக்கே வந்து, கொள்ளிடத்தின் வடகரையில் சமயபுரம் பகுதியில் பாசறை அமைத்தார். வெளியுதவி அறுபட்ட ஜாக் லாவின் படை திருவரங்கத் தீவுக்குள் ஒடுங்கி, 1752 சூன் மாதம் சரணடைந்தது. சந்தா சாகிபு தலை கொய்யப்பட்டார். அரங்கன் கோயிலும் ஆனைக்காவும் அந்நாளில் வழிபாட்டிடங்களாக இருந்ததைவிடப் படைக்கொட்டில்களாகவே பயன்பட்டன. சந்தா சாகிபும் முகம்மது அலியும் பின்னாளில் இதே நகரின் நத்தர்வலி தர்காவில் அடக்கம் பெற்றனர் என்பது இந்நகர வரலாற்றின் தனி முரண்.

1753 பிப்ரவரியில் சென்னையில் மார்கரெட் மஸ்கிலினை மணந்த இராபர்ட், உடனே இங்கிலாந்து திரும்பினார். 1754 மார்ச் 7இல் எட்வர்ட் பிறந்தார். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி, இருபதாம் வயதில் லட்லோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி என அவருடைய வாழ்க்கை வழுக்கிக்கொண்டு சென்றது. 1774 முதல் 1794 வரை அத்தொகுதியை வகித்தார். பின்னர் அவருடைய மூத்த மகன் 1806 முதல் 1839 வரையும், இளைய மகன் இராபர்ட் ஹென்றி 1818 முதல் 1832 வரையும் அதே லட்லோவின் உறுப்பினர்களாயினர். இந்தியாவில் ஈட்டிய செல்வம் ஷ்ராப்ஷயரில் நிலமாயிற்று, நிலம் தொகுதியாயிற்று. காவிரிக் கரையில் தொடங்கிய ஒரு கணக்கின் மறுபக்கம் இது.

1784இல் எட்வர்ட் மணந்த ஹென்ரியட்டா ஹெர்பர்ட், போவிஸ் கோமகனின் மகள். பழங்குடிப் பெருமையும் கடன்சுமையும் உடைய அக்குடும்பத்திற்கும், புதுச்செல்வமும் வசையும் சுமந்த கிளைவ் குடும்பத்திற்கும் அத்திருமணம் இருவழிப் பயன் தந்தது. ஹென்ரியட்டாவின் சகோதரர் 1801 சனவரியில் வாரிசின்றி இறந்தார். 1804இல் போவிஸ் கோமகன் பட்டம் எட்வர்டுக்கு வழங்கப்பட்டது. பின்னர் மூத்த மகன் கிளைவ் என்ற பெயரையே விடுத்து ஹெர்பர்ட் ஆனார்.

ஆளுநராக எட்வர்டின் தனித்திறன் என்று சொல்ல அதிகமில்லை. வெல்லெஸ்லி சகோதரர்கள் முதலில் இவரை மந்தமானவர் என்றே கருதினர். பிறகு ஓரளவு மதிக்கத் தொடங்கினர். கல்கத்தாவிலிருந்து வந்த கட்டளைகளை அமைதியாக நிறைவேற்றினார் என்பதே அம்மதிப்பின் பெரும்பகுதி. அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக 1805இல் பெயர் குறிக்கப்பட்டும் பதவியேற்கவில்லை. எண்பது வயதிலும் காலை ஆறு மணிக்குச் சட்டைக் கையோடு தோட்டம் கொத்தினார் என்பதே ஆங்கில வாழ்க்கைக் குறிப்புகள் இவரைப் பற்றி விருப்பத்துடன் சொல்லும் செய்தி. 1839இல் இறந்தார்.

பயணத்தின் தலைப்பில் இல்லாத ஊர்

1798 ஆகஸ்டில் சென்னை வந்திறங்கிய இக்குடும்பத்தில் மகன்கள் இருவரும் இல்லை. அவர்கள் படிப்பிற்காக இங்கிலாந்தில் விடப்பட்டனர். அரசியல் வாரிசுகள் ஆகவேண்டியவர்கள் அங்கே. மகள்கள் ஹென்ரியட்டா அந்தோனியாவும் சார்லட் புளோரன்சியாவும் இங்கே. இதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. இக்குடும்பத்தின் தென்னிந்திய அனுபவம் பெண்களின் எழுத்தாகவே பதிவாயிற்று.

திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800 மார்ச்சில், தாயும் மகள்களும் இத்தாலிய ஓவியரும் ஆசிரியையுமான அன்னா தொனெல்லியும் பல நூறு பேர் கொண்ட பரிவாரத்துடன் சென்னையிலிருந்து புறப்பட்டனர். ஆளுநர் உடன் செல்லவில்லை. வேலூர், பெங்களூர், சீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர் வழியாகக் காவிரியைத் தொடர்ந்து இறங்கித் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தரங்கம்பாடி சென்று, அக்டோபரில் சென்னை திரும்பினர். மூத்த மகளுக்கு அப்போது வயது பதினான்கை எட்டியிருந்தது. சார்லட் அவளுக்கு இளையவள். தாயின் குறிப்புகளும் கடிதங்களும் நான்சி ஷீல்ட்ஸின் பதிப்பாக 2009இல் வெளிவந்தன. சார்லட்டின் நாட்குறிப்பு, 1857இல் இராம்ஸ்டன் என்பவர் அழகுற எழுதிய படியாகப் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

அப்படியின் தலைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். கிழக்கிந்தியப் பயணம், அங்கே தங்கியிருந்தது, மைசூர், தஞ்சை நாடுகளின் வழியே சுற்றுலா, தாயகம் திரும்பிய கடற்பயணம் என்ற பொருளில் நீளும் அத்தலைப்பில் திருச்சிராப்பள்ளி இல்லை. இது தற்செயல் எனலாம். ஆயினும் மைசூர் 1799இல் வெல்லப்பட்ட நாடு. தஞ்சாவூர் அதே ஆண்டு உடன்படிக்கையால் கும்பனி வசமான நாடு. திருச்சிராப்பள்ளியோ 1800இல் பெயரளவில் நவாபின் நாடு. நடைமுறையில் கும்பனிப் பாசறை. தனி நாடாகச் சொல்ல அதற்கு அரசன் இல்லை. வெற்றியின் காட்சிப்பொருளாகச் சொல்ல அது அண்மையில் வீழவும் இல்லை. அரைநூற்றாண்டுக்கு முன் பாட்டன் பெயர்பெற்ற களமாக இருந்தும், பேத்தியின் ஏட்டுத் தலைப்பில் அது வழியில் உள்ள ஊராகிவிட்டது.

இக்குடும்பம் தேடிச்சேர்த்த பொருள்களிலும் இதே நிலை தெரிகிறது. போவிஸ் கோட்டையில் இன்றுள்ள இந்தியத் தொகுப்பில் பெரும்புகழ் பெற்றவை திப்புவின் கூடாரமும், அரியணையை அணிசெய்த புலித்தலை ஒன்றும். இரண்டும் சீரங்கப்பட்டணத்தோடு தொடர்புடையவை. காவிரியின் இரு தீவுகளில் இரு அரங்கநாதர்கள். மேல்நின்ற தீவு அருங்காட்சியகப் பொருளாயிற்று. கீழ்நின்ற தீவிலிருந்து எழுந்தது ஒரு எழுத்து மட்டுமே. அது அக்கோட்டைக்குச் செல்லவில்லை.

1801இன் தொடக்கத்தில் தாயும் மகள்களும் கப்பலேறினர். எனவே மதில் அறிக்கை அவர்களுடைய ஏட்டில் இடம்பெற வாய்ப்பே இல்லை. சார்லட்டின் பிற்கால வாழ்வு நம் பொருளுக்குச் சற்று வெளியே நிற்பது: நார்தம்பர்லாந்து கோமகனை மணந்தார், இளவரசி விக்டோரியாவுக்குப் பயிற்றாசிரியையாக 1837 வரை இருந்தார், 'கிளைவியா' என்ற பூச்செடி இவர் குடும்பப் பெயரால் 1828இல் பெயர் பெற்றது. பின்னாளில் இந்தியப் பேரரசி ஆனவருக்குச் சிறுவயதில் ஒழுக்கம் கற்பித்த பெண், தன் சிறுவயதில் காவிரிக்கரைச் சாலையில் சென்றவர் என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்குச் சுவை தரும்.

1801 சூன் 16

பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின்னரும் தெற்கில் எதிர்ப்பு அடங்கவில்லை. 1801இல் ஊமைத்துரை சிவகங்கைக்கு வந்து சேர, மருது சகோதரர் வெளிப்படையாகப் போரில் இறங்கினர். அப்போரின் எழுத்து வடிவமே சூன் 16ஆம் நாளிட்ட அறிக்கை. ஒன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபு அரண்மனை வாயிலில் ஒட்டப்பட்டது. மற்றொன்று திருவரங்கம் கோயிலின் வெளிமதிலில். தெற்கு வாயிலில் அன்று நின்றது முடிவுறாத மொட்டைக் கோபுரம். இன்று நாம் காணும் இராசகோபுரம் 1987இல்தான் நிறைவுற்றது.

ஏன் திருச்சிராப்பள்ளி? சிவகங்கைச் சீமைக்கு வெளியே, கும்பனிப் படை நிறைந்த நகரில் ஒட்டியது துணிவைக் காட்டத்தான் என்பது பொதுவான விளக்கம். அது உண்மையே. எனினும் அறிக்கையின் உள்ளடக்கம் வேறொரு காரணத்தையும் தருகிறது. ஐரோப்பியருக்கு அறியாமையால் இடங்கொடுத்தவர் நவாபு முகம்மது அலி என்று அது குற்றஞ்சாட்டுகிறது. அச்செயலால் அவர் கணவனை இழந்தவளின் நிலையை அடைந்ததாக உவமிக்கிறது. இடம் பெற்றவர்கள் நாட்டையே தமதாக்கிக்கொண்டு மக்களை நாயெனக் கருதுவதாகவும், மக்களிடையே ஒற்றுமை இல்லாமையே இதற்கு ஏது எனவும் தொடர்கிறது.

1801 சூனில் நவாபு உம்தத்-உல்-உம்ரா. முகம்மது அலி இறந்து ஆறாண்டுகள் ஆகிவிட்டன. நடப்பு நவாபை விடுத்து மறைந்தவரைக் குறித்ததை மறதி என்று கொள்ள இயலாது. அறிக்கை தன் குற்றப்பத்திரிகையை 1751இலிருந்து தொடங்குகிறது. அவ்விடங்கொடுத்தல் நிகழ்ந்தது இந்தக் கோட்டைக்குள். அதன் முதற்பயன் விளைந்தது எதிரேயுள்ள தீவில். ஆகவே அறிக்கை ஒட்டப்பட்ட இரு இடங்களும் அதன் வாதத்தின் சான்றுப்பொருள்களாகவே அமைகின்றன. கிளைவ் என்ற பெயர் அறிக்கையில் இல்லை. ஆயினும் அது விவரிப்பது தந்தை கிளைவ் காலத்தில் தொடங்கி மகன் கிளைவ் காலத்தில் முடியப்போகும் ஒரு நிகழ்வுத்தொடரை. ஒட்டிய கைகளுக்கு அந்த உறவு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நிகழ்ந்ததை அவை சரியாகக் கணித்திருந்தன.

கணிப்பு எவ்வளவு சரி என்பதற்கு ஆறு வாரங்கள் போதுமாயிருந்தன. சூலை 15இல் உம்தத்-உல்-உம்ரா இறந்தார். திப்புவுடன் கள்ளத் தொடர்பு கொண்டிருந்தனர் என்று சீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைச் சான்றாகக் காட்டி, அவர் மகன் அலி உசேன் நிபந்தனைகளை ஏற்க மறுத்ததும் அவரை ஒதுக்கி, அசீம்-உத்-தௌலாவை அமர்த்தினார் எட்வர்ட் கிளைவ். சூலை 31இல் கருநாடகத்தின் குடியியல், படையியல் ஆட்சி முழுதும் கும்பனிக்குச் சென்றது. தந்தை எந்த நவாபைக் காத்துப் புகழ்பெற்றாரோ அந்த நவாபின் பேரனை ஒதுக்கியே மகன் தம் பணியை முடித்தார்.

மதிலின் இலக்கணம்

அறிக்கை குறித்த தமிழ்த் திறனாய்வில் இருவகைப் போக்குகள் உள்ளன. ஒன்று, அதைச் சாதி சமயம் கடந்த முதல் தேசிய அறைகூவல் எனப் போற்றுவது. மற்றொன்று, அதன் நடையின் எளிமையையும் வேகத்தையும் மருதுவின் தனிநடையாகக் காட்டுவது. முதற்போக்கில் பாதி உண்மை உண்டு. அறிக்கை நால்வருணத்தாரையும் முசுலிம்களையும் ஒருங்கே விளிக்கிறது என்பது உண்மை. ஆனால் வருண வரிசையிலேயே விளிக்கிறது. சாதியைக் கடக்கவில்லை, சாதிகளை வரிசைப்படி கூட்டுகிறது. 1801இல் அதுவே பெரிய செயல். இன்றைய சொல்லால் அதை உயர்த்த வேண்டியதில்லை.

இரண்டாம் போக்கை ஏற்பதற்கில்லை. நம் கையில் பரவலாக உள்ளது கும்பனி ஆவணங்களில் பதிவான ஆங்கில வடிவம். கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூலுக்குப் பின் அது அறிஞரிடையே பரவியது. தமிழில் நாம் படிப்பவை அதன் மீள்மொழிபெயர்ப்புகள். இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளரின் வாக்கிய அமைப்பை எடுத்து மருதுவின் நடை என்று ஆராய்வது, பிறர் குரலுக்கு அவர் பெயரிடுவதாகும். இப்பிழை ஆய்வேடுகளிலும் காணப்படுவதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

அப்படியானால் மூலத்தின் தமிழைப் பற்றி எதுவுமே சொல்ல இயலாதா? சில இடங்களில் இயலும். ஆங்கிலத்திற்கு இயல்பல்லாத தொடர்கள் அம்மொழிபெயர்ப்பில் துருத்தி நிற்கும் இடங்கள் அவை. ஐரோப்பியருக்கு இடம் தந்ததாக வரும் தொடர், நம் 'இடங்கொடுத்தல்' என்ற வழக்கின் நேர்ப்பெயர்ப்பு. நிலம் தருதல், அளவுமீறிச் சலுகை தருதல் என்ற இருபொருளும் தமிழில் அதற்குண்டு, ஆங்கிலத்தில் அவ்விருமை மங்கிவிடுகிறது. மீசை உடையோரை விளிக்கும் பகுதியும் அத்தகையதே.

இவற்றினும் சிறப்பானது அறிக்கையின் இறுதி. படித்தோர் இதனை எழுதிப் பரப்ப வேண்டும்; பரப்பாதவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர்; மதிலிலிருந்து கிழிப்பவர் பஞ்சமாபாதகம் செய்தவராவர் என்னும் கருத்துப்பட அது முடிகிறது. கல்வெட்டுப் பயிற்சி உடையார்க்கு இதன் மூலம் உடனே தெரியும். கோயிற் கொடைகளின் இறுதியில், அறத்தை அழித்தவன் அடையும் பாவத்தைச் சொல்லும் ஓம்படைக்கிளவி இது. கங்கைக்கரையும் காராம்பசுவும் விசயநகர, நாயக்கர் காலச் சாசனங்களில் திரும்பத் திரும்ப வருபவை. திருவரங்கத்தின் மதில்களோ அத்தகைய சாசனங்கள் நிறைந்தவை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிலுக்கே உரியது. ஆகவே மதிலில் ஒட்டிய தாள், அம்மதிலில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த எழுத்துகளின் இலக்கணத்தையே மேற்கொண்டது. நாட்டைக் காப்பதை ஓர் அறக்கட்டளையைக் காப்பதாக அது படிப்போர் முன் வைத்தது. சம்புத்தீவு என்ற விளியையும் இங்கேயே வைத்துப் பார்க்கலாம். சங்கல்பத்தில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர் அது. அண்மையிலுள்ள ஆனைக்காவின் வெண்ணாவலோடு அதைத் தொடர்புபடுத்தத் தோன்றும். அதற்குச் சான்றில்லை, தோன்றியதோடு விட்டுவிடுவதே நன்று.

ஆளுநரின் மறுமொழிகள்

எட்வர்ட் கிளைவ் சூலை 6இல் எதிர் அறிக்கை வெளியிட்டார். அதன் வாதம் வாரிசுரிமை பற்றியது: மருது சகோதரர் சிவகங்கைக்கு உரியவர் அல்லர், பணியாளர் நிலையிலிருந்து ஆட்சியைக் கைக்கொண்டவர், உரியவர் படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவர் என்பது. உரியவர் யார் என்ற இவ்வினாவை எழுப்பியவர், இன்னும் மூன்றரை வாரத்தில் ஆர்க்காட்டு நவாபுக்கு நேர்வாரிசாக நின்ற மகனை ஒதுக்கப்போகிறவர். இரு ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால் வாரிசுரிமை கும்பனிக்கு ஒரு கொள்கையாக இருந்ததா, கருவியாக இருந்ததா என்பது விளங்கும். மதில் அறிக்கை எழுப்பிய கேள்விக்கு, அதாவது இடங்கொடுத்தவர் கதி என்ன என்பதற்கு, ஆளுநரின் அறிக்கை விடை தரவில்லை.

மருது சகோதரர் அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1இல் எட்வர்ட் மற்றோர் அறிக்கை வெளியிட்டார். பொதுமன்னிப்பும் படைக்கல ஒழிப்பும் அதன் பொருள். 1802 பிப்ரவரியில் எழுபத்துமூவர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

கிளைவ் பெண்டிரின் ஏடுகள் குடும்பத்தால் பேணப்பட்டன. 1857இல் ஒருவர் அமர்ந்து அழகிய கையெழுத்தில் படியெடுக்கும் அளவுக்கு மதிப்புடன். மதில் அறிக்கைக்குக் குடும்பம் இல்லை. எழுதிப் பரப்புக என்று அது படிப்போரைப் பணித்தது. அப்பணியைச் செய்தவர்கள் பலர் இருந்திருக்கலாம்; அவர்கள் எழுதிய படிகள் படைக்கல ஒழிப்பின் நாள்களில் வீட்டில் வைத்திருக்கத் தக்கவை அல்ல. நம் கைக்கு வந்து சேர்ந்த படியை எழுதியவர் கும்பனி அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர். அவர் யார், எந்தத் தமிழிலிருந்து பெயர்த்தார், எவற்றைச் சுருக்கினார் என்பதைச் சென்னை ஆவணக் காப்பகத்தின் அவ்வாண்டுக் கலந்தாய்வுப் பதிவேடுகளைக் கொண்டு தேடுவதே இப்பொருளில் அடுத்துச் செய்யவேண்டிய வேலை.